இடப்பக்கம் நீலம்

வண்டியைக் குழிமேல் ஏற்றி நிறுத்தியதும்
எலிஸ்பார் எதையும் தொடவில்லை.
விளக்கோடு கீழே இறங்கினான்,
சும்மா பார்த்துக்கொண்டிருந்தான், வெகுநேரம்.
மேலே ஷெத்தே
பற்றவைக்காத சிகரெட்டை
வாயில் வைத்திருந்தான்.

"பாதை எப்படி?"
"நன்றாகத்தான் இருந்தது."

குழிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு.
பிறகு குரல் மட்டும் ஏறி வந்தது, சாமான் சாமானாக.
முன் வலது ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கியிருக்கிறது.
ஸ்டெபிலைசர் ரப்பர் என்று ஒன்று
இருந்ததற்கு அடையாளம் உண்டு, ரப்பர் இல்லை.
பிரேக் கட்டை விரல்நகமாகத் தேய்ந்துவிட்டது.
சைலன்சர் ஒரு கம்பியில் தொங்குகிறது,
கம்பி யாருடையது?
"ஆட்டுப்பட்டி வேலியில் எடுத்தது."
நல்ல கம்பி. இருக்கட்டும்.

அடித்தகட்டில் பெரிய பள்ளம்.
பள்ளத்துக்குள் இன்னும் கல்.
நெம்பி எடுத்து மேலே வைத்தான்:
கருப்புச் சிலேட்டுக்கல்,
அபானோ கணவாயிலிருந்து அல்வானி வரை
டிக்கெட் இல்லாமல் வந்திருந்தது.

அப்புறம் குரல் நின்றது.
"இடப்பக்கம் இதென்ன, நீலம்?"

டெலிகா வெள்ளை. வெள்ளை என்றால்
பதினைந்து கோடை தூசியின் வெள்ளை.
அதில் ஒரு முழத்துக்கு நீலம்.
அல்வானியில் நீல நீவா ஒன்றுதான்.
ஓட்டுபவன் இமேதா.
இமேதாவும் ஷெத்தேயும்
முகம் கொடுத்துப் பேசி நாலு வருஷம்
(ஒரு குதிரை விற்ற கணக்கு.
குதிரையே செத்துவிட்டது).

ஷெத்தே சிகரெட்டைப் பற்றவைத்தான்.

செவ்வாய்க்கிழமை, மழை விட்ட பிறகு,
பாதையில் பாதியை அருவி கொண்டுபோயிருந்தது.
மிச்சம் ஒரு வண்டிக்குக் காணும்.
வந்தவை இரண்டு.
ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும்;
இறங்கியது ஷெத்தே.
பின்னால் எடுத்தான்.
பின்சக்கரம் ஒன்று விளிம்பு தாண்டிக்
காற்றில் சுற்றியது,
தெரிந்தவர் பெயர் மறந்து
வாய் திணறுவதைப் போல.
உள்ளே ஒன்பது மூட்டை ஆட்டுரோமம்,
ஒரு பள்ளி ஆசிரியை,
அவள் மடியில் தேன் டப்பா.

இமேதா ஒன்றும் கேட்கவில்லை.
கயிற்றோடு இறங்கி வந்தான்.
மண்டியிட்டான், கொக்கியில் மாட்டினான்,
திரும்பிப் போய் இழுத்தான்.
கொக்கி வளைந்தது. கிளட்ச் நாறியது.
வண்டி வந்தது.

பிறகு சற்றே அகலமான இடத்தில்
கண்ணாடிகளை மடக்கியும் போதாமல்
விலாவோடு விலா உரசிக் கடந்தார்கள்.
ஜப்பான் வண்டி, ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஆகவே முகம் பார்க்க நேரவில்லை.
நடுவில் உட்கார்ந்திருந்த ஆசிரியைதான்
இரண்டு பேருக்கும் சேர்த்து
நன்றி சொன்னாள்.

இதில் ஒரு வார்த்தையும்
ஷெத்தே குழிக்குள் சொல்லவில்லை.

"கொக்கியை நிமிர்த்தவா, மாற்றவா?"
"வேலை செய்யுமா?"
"செய்திருக்கிறதே."
"விடு."

மொத்தம் முந்நூற்றிருபது லாரி.
இந்த நாட்டில் லாரி என்பது காசு, வண்டியில்லை;
இருந்தாலும் முந்நூற்றிருபது லாரி
ஏறி இறங்கினாற்போல்தான் இருந்தது.
நீலத்தைத் தேய்த்தெடுக்கத் தனியாகப் பத்து.

"துருப்பிடிக்குமா?"
"தகரம் வரைக்கும் போகவில்லை."
"அப்போது பத்து லாரி மிச்சம்."

எலிஸ்பார் மேலேறி வந்து கை துடைத்தான்.
"சாயங்காலம் நீவா வருகிறது.
கிளட்ச் வெந்துவிட்டதாம்.
கதவில் ஒரு முழம் வெள்ளையாம்.
போனில் கேட்டேன்,
பாதை நன்றாகத்தான் இருந்தது என்றான்."

ஷெத்தே மணி பார்த்தான். பதினொன்றரை.
ரப்பர் திபிலிசியிலிருந்து வர
வெள்ளிக்கிழமை ஆகும்.
இங்கே நிற்க அவனுக்கு வேலையேதும் இல்லை.

சிலேட்டுக்கல்லை எடுத்தான்,
முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான்,
பழைய டயர் ஒன்றை
நிழலுக்கு இழுத்துப் போட்டு
உட்கார்ந்தான்.